தலைக்கை தருவோர்

பள்ளிகளின் விளையாட்டுப் போட்டி நாளில் ஓட்டக்காரரைப் பார்ப்போர் பலர். ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று வண்ணக் குஞ்சங்களை அசைத்து ஒரே குரலாய் முழங்கும் சிறுவர் சிறுமியரைக் கூர்ந்து நோக்குவோர் சிலரே. மலேசிய நாட்டுப் பள்ளிகளில் மாணவரைச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என விளையாட்டு இல்லங்களாகப் பிரிப்பது வழக்கம். ஓட்டமும் தாண்டலும் போலவே, இல்லத்தாரை ஊக்கும் ஆரவாரக் குழுவும் அந்நாளின் ஓர் அங்கமாகும். மலாய் மொழியில் இதனைப் ‘பசுக்கான் சோராக்’ என்பர். ஆங்கிலத்தார் ‘சியர்லீடிங்’ என்பர். பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரத்துப் பள்ளிகளிலும், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்குள் தோன்றி இன்று சாலையோரங்களிலும் தாமான்களிலும் நிற்கும் தமிழ்ப்பள்ளிகளிலும் இக்குழுக்களைக் காணலாம்.

இக்குழுவில் தலைமை எங்கே இருக்கிறது என்பது எண்ணத்தக்க வினாவாகும். எல்லாரினும் உரக்கக் கத்துபவரிடத்திலா? தோள்மேல் ஏறி உச்சியில் நிற்பவரிடத்திலா? அன்றி, பார்வையாளர் கண்ணில் படாத வேறோர் இடத்திலா? இவ்வினாவுக்கு விடை தரும் சொல் ஒன்று சங்கப் பாடல்களிலேயே உண்டு. அதனைக் காணுமுன் இக்கலையின் வரலாற்றையும் அமைப்பையும் அறிதல் வேண்டும்.

தோல்வியில் பிறந்த கலை

அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பந்தாட்டம் காணக் கூடியோர் தத்தம் அணியை வாழ்த்தி முழங்குவது வழக்கமாயிற்று. 1898 நவம்பரில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் அணி அடுத்தடுத்துத் தோற்றுச் சோர்ந்திருந்தது. அப்போது ஜானி கேம்பெல் என்னும் மாணவர் கூட்டத்தின் முன்னே வந்து நின்று, சிதறிக் கிடந்த கூச்சலை ஒரே முழக்கமாக ஒழுங்குபடுத்தினார். இக்கலையின் தொடக்கம் இதுவே என்பர். இன்று இதனை மகளிர்க்கு உரியதென்று கருதுவோர் பலர். ஆனால் தொடக்கத்தில் ஆடவரே இதில் ஈடுபட்டனர். அதே பல்கலைக்கழகத்தில் 1923இல் பெண்கள் இடம்பெற்றனர். இரண்டாம் உலகப் போரில் இளைஞர்கள் படைக்குச் சென்றபோது பெண்களே இதனைப் பெரிதும் ஏற்று நடத்தினர். 1948இல் லாரன்ஸ் ஹெர்க்கிமர் என்பார் இதற்கெனப் பயிற்சி முகாம்களைத் தொடங்கினார். அனைத்துலக ஒன்றியம் 2004இல் அமைந்தது. அனைத்துலக ஒலிம்பிக் குழு 2021இல் அவ்வொன்றியத்துக்கு முழு ஏற்பு அளித்தது.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று. இக்கலை வெற்றிக் களிப்பில் தோன்றியதன்று. தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு நெஞ்சுரம் ஊட்டவே தோன்றியது. ஆகவே இதன் பயனை வென்ற கோப்பைகளைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது.

நால்வர் கூடி ஒருத்தியைத் தாங்குதல்

போட்டிக் குழுக்கள் முழக்கத்தோடு நில்லாமல் ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்தும் வித்தைகளையும் செய்கின்றன. அனைத்துலகப் போட்டிகளில் ஏறத்தாழ இருபது பேர் கொண்ட குழு இரண்டரை நிமிட இசைக்குள் தன் திறமையைக் காட்டி முடிக்க வேண்டும். அக்குழு நால்வர், ஐவர் கொண்ட சிறு கூறுகளாகப் பிரிந்து இயங்கும். ஒரு கூறு இயங்கும் முறையை அறிந்தால் முழுக் குழுவின் இயல்பும் விளங்கும்.

இருவர் எதிரெதிரே நின்று தாங்குவர். ஒருத்தி அவர்கள் கைகளின்மேல் ஏறுவாள். நான்காமவள் பின்னால் நின்று ஏறுபவளின் கணுக்காலைப் பற்றிப் பாரத்தில் ஒரு பங்கை ஏற்பாள். தாங்குவோர் முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து, கால்களின் வலிமையால் மேலே தூக்க வேண்டும். ஒருவர் ஒரு நொடி முந்தினாலும் ஏறியவள் சாய்வாள். ஏறியவளும் சும்மா நிற்பதில்லை. அவள் தன் உடலை விறைப்பாக வைத்துக்கொண்டு, பார்வையை நேரே செலுத்த வேண்டும். அச்சத்தால் குனிந்து கீழே நோக்கினால் எடை ஒருபுறம் மாறி, தாங்குவோரின் கை நிலைகுலையும். கீழிருப்பவரை நம்புவது அவளுக்குப் பண்பு மட்டுமன்று, தொழில்நுட்பமும் ஆகும்.

பின்னிற்பவளின் பணி இன்னும் நுட்பமானது. எண்ணிக்கையைக் குரல்கொடுத்துச் சொல்பவள் பெரும்பாலும் அவளே. ஏறியவள் தவறி விழுந்தால் தலையையும் கழுத்தையும் காப்பதும் அவள் கடமை. மேலிருந்து ஓர் உடல் விழும்போது விலகுவது மனித இயற்கை. இக்குழுவிலோ அனைவரும் விழுபவளை நோக்கி நெருங்க வேண்டும். இயற்கை அச்சத்தை வென்று இவ்வாறு நெருங்குவதற்கே நெடுநாள் பயிற்சி தேவைப்படுகிறது. அமெரிக்கப் பள்ளி மாணவியர்க்கு விளையாட்டில் நேர்ந்த மிகக் கடுமையான காயங்களில் பெரும்பங்கு இக்கலையால் விளைந்தது என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். எனவே பயிற்சி பெற்ற ஆசிரியரும் மெத்தை விரிப்பும் இல்லாத இடத்தில் தூக்கும் வித்தைகளைச் செய்யலாகாது. தொடக்கப்பள்ளிக் குழுக்களுக்கு முழக்கமும் தாளமும் அணிவகுப்புமே போதுமானவை.

இவ்வளவு பேரையும் ஒருங்கே இயக்குவது எட்டு வரை எண்ணும் எண்ணிக்கை. ஒவ்வோர் அசைவும் இன்ன எண்ணில் தொடங்கி இன்ன எண்ணில் முடியும் என்று வரையறுக்கப்பட்டிருக்கும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களைக் கையால் போட்டுப் பழகிய தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதியதன்று. தாளம் எவருக்கும் தனியுடைமை ஆகாமல் எல்லாரையும் ஆள்வது. குழுவின் முதல் தலைவர் தாளமே எனலாம்.

ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியில் மனிதர் தோள்மேல் மனிதர் ஏறிக் கோபுரம் அமைக்கும் வழக்கம் உண்டு. யுனெஸ்கோ நிறுவனம் 2010இல் அதனை மானிடப் பண்பாட்டு மரபாக ஏற்றுப் பட்டியலில் சேர்த்தது. உச்சியில் ஏறுவது ஒரு சிறு குழந்தை. அடியில் திரளான மக்கள் ஒருவரோடொருவர் நெருங்கி நின்று அடித்தளமாவர். குழுத் தலைவரோ தரையில் நின்றபடியே கோபுரத்தின் நிலையை நோக்கி ஆணையிடுவார். உச்சியும் தலைமையும் ஒன்றல்ல என்பதை இம்மரபும் காட்டுகிறது.

தலைக்கையும் புணையும்

இனித் தமிழ் மரபை நோக்குவோம். எழுவரேனும் ஒன்பதின்மரேனும் கைகோத்து வட்டமாக நின்று ஆடும் ஆடல் குரவை எனப்படும். தொல்காப்பியப் புறத்திணையியல் வாகைத்திணையின் துறைகளுள் முன்தேர்க் குரவை, பின்தேர்க் குரவை என்னும் இரண்டைக் கூறுகிறது. வென்ற தேரின் முன்னும் பின்னும் ஆடும் ஆடல்கள் இவை. வீரரை ஊக்கவும் வெற்றியைப் போற்றவும் கூட்டமாக ஆடிப் பாடுதல் தமிழர்க்குப் பழைய வழக்கம் என்பது இதனால் பெறப்படும்.

இவ்வாடலில் முதற்கை கொடுத்துத் தொடங்கி வைப்பதைத் ‘தலைக்கை தருதல்’ என்றனர் பழந்தமிழர். மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 24ஆம் பாட்டில், கடற்கரை மக்களின் குரவையைக் கூறுமிடத்து மகளிர்க்குத் தலைக்கை கொடுக்கும் செய்தி வருகிறது. பதிற்றுப்பத்தின் 52ஆம் பாட்டு இதனினும் விளக்கமானது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடியது அப்பாட்டு. முழவு ஒலிக்கும் துணங்கை ஆடலில் சேர மன்னன் மகளிர்க்குத் தலைக்கை தந்தான் என்றும், தழுவி ஆடுவோர்க்குப் புணையாக நின்றான் என்றும் புலவர் கூறுகிறார். அதனைக் கேட்ட அரசி ஊடல் கொண்டு, கையிலிருந்த சிறு செங்குவளை மலரை அவன்மேல் எறிய ஓங்கினாள் என்பது பாட்டின் எஞ்சிய சுவை.

இங்குப் ‘புணை’ என்னும் சொல் சிந்திக்கத்தக்கது. புணையாவது நீரில் மிதக்கும் தெப்பம். தெப்பம் தன்மேல் ஏறியவரைத் தாங்குமே அன்றி, தான் அவர்மேல் ஏறுவதில்லை. போர்க்களத்தில் ஆணையிடும் வேந்தன் ஆடற்களத்தில் தெப்பமாகிறான். முதலில் கை நீட்டுபவன் எவனோ, பிறர் பாரத்தை ஏற்பவன் எவனோ, அவனே அங்குத் தலைவன். ஆரவாரக் குழுவில் தாங்கி நிற்போரையும் பின்னிற்பவளையும் குறிக்கத் தமிழ் ஆசிரியர்கள் சொல் தேடி அலைய வேண்டுவதில்லை. அவர்களே தலைக்கை தருவோர், அவர்களே புணை.

ஏழு பெயர்கள்

குழு அமைக்கும் முறையைச் சிலப்பதிகாரத்தின் 17ஆம் பகுதியாகிய ஆய்ச்சியர் குரவை ஏறத்தாழப் பாடமாகவே தந்திருக்கிறது. ஆயர்பாடியில் உறையிட்ட பால் உறையவில்லை; உருக்கிய வெண்ணெய் உருகவில்லை; எருதின் கண்ணில் நீர் பெருகியது; ஆவின் கழுத்து மணி அறுந்து வீழ்ந்தது. இத்தீய நிமித்தங்களைக் கண்ட மாதரி, ஆநிரையின் துயர் நீங்கக் குரவை ஆடுவோம் என்று மகள் ஐயையிடம் கூறினாள். மின்னசோட்டாவின் ஆரவாரத்தைப் போல மாதரியின் குரவையும் கலங்கிய நேரத்தில் எழுந்ததே ஆகும்.

மாதரி செய்த முதற்காரியம் பெயரிடுதல். எழுவர் கன்னியரை வரிசையில் நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களை அவர்க்கு இட்டாள். பின்னர் அவர்கள் நண்டின் கவ்வலைப் போலக் கைகோத்து வட்டமாக நின்றனர். பெயர் இடப்பட்டவுடன் ஒவ்வொருத்திக்கும் ஓர் இடமும் ஒரு பணியும் உண்டாகிவிட்டன. ஏழு சுரங்களில் ஒன்று விடுபட்டாலும் பண் நிரம்பாது. இறுதியில் நிற்கும் தாரம் முதலில் நிற்கும் குரலுக்குத் தாழ்ந்ததன்று.

ஆடலைத் தொடங்கி வைப்பவள் குரல் என்னும் பெயர் பெற்றவள். அவள் தன் தோழியை நோக்கி, முல்லைப் பண்ணில் இன்ன பாட்டைப் பாடுவோம் என்கிறாள். அடுத்து இளங்கோவடிகள் கூறும் இசைமுறை வியக்கத்தக்கது. குரல் மந்தமாகவும், இளி சமனாகவும், துத்தம் வலிவாகவும் பாட்டு எழுகிறது. மந்தம் தாழ்ந்த இயக்கம். வலிவு உயர்ந்த இயக்கம். பாட்டைத் தொடங்கி வைத்தவளுக்கு உரியது கீழ்நிலை. உயர்ந்தெழும் நிலை மற்றொருத்திக்குரியது. இசையிலக்கண முறைப்படி அமைந்த இவ்வொழுங்கில் தலைமைக்கும் ஓர் இலக்கணம் அடங்கியிருக்கிறது. கீழே நின்று பிறர் எழுவதற்கு இடந்தருவது அது.

அந்தக் குரவை கோவலனைக் காக்கவில்லை. அது முடிந்தபின் வந்தது கொலைச் செய்தியே. ஆயின் அது வீண் போயிற்றா? துன்பமாலையில் கண்ணகி தன் துயரை எடுத்துச் சொல்லி, கேளுங்கள் என்று விளித்தது எவரை? குரவைக்கு வந்து கூடியிருந்த அந்த ஆயர் மகளிரையே. ஆடுவதற்கு ஒன்றுகூடிய கூட்டம், துயர் வந்த வேளையில் செவிசாய்க்கும் கூட்டமாயிற்று. ஊர் புதிது, உறவு இல்லை என்னும் நிலையில் இருந்த ஒருத்திக்கு அக்கூட்டமே முதல் அவை. கைகோத்துப் பழகியவர் கலைந்து போவதில்லை என்பதே குழுப்பணியின் பெரும்பயன்.

தோட்டத்தில் இருவகைத் தலைமை

பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. 1877இல் மலாயாவுக்கு வந்த முதல் ரப்பர்க் கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர்த் தோட்டங்கள் பெருகியபோது தமிழகத்திலிருந்து உழைப்பாளர் வந்தனர். ஆள் சேர்த்து வந்தவர் கங்காணி. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலைக்கு அனுப்பியவரும் அவரே. வேலைக்கு வந்த ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தலைகளை எண்ணிப் பணம் பெறும் தலைமை அது. கூலியாட்கள் குடிபெயர்வதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியதோடு கங்காணி வழி ஆள்சேர்ப்பு முடிந்தது. ஆணையிடுவதே தலைமை என்னும் எண்ணம் அத்தனை விரைவில் மறையவில்லை.

பால்மரம் வெட்டும் தொழிலோ தனித்தனியே செய்வது. ஒவ்வொருவர்க்கும் ஒரு மரவரிசை. ஒவ்வொருவர் பாலுக்கும் தனி நிறுவை. அத்தகைய வாழ்வில் மக்கள் கைகோத்த இடம் கோயில் திடல். மாரியம்மன் திருவிழாவிலும் பொங்கல் நாளிலும் கும்மியும் கோலாட்டமும் நடந்தன. பின்னல் கோலாட்டத்தை நினைத்துப் பார்த்தால் அதன் பயிற்சி புலனாகும். மேலே கட்டிய வண்ணக் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்றுவர். கயிறு சடையாகப் பின்னும். பின்பு அதே அடிகளை மாற்றி ஆடி அவிழ்ப்பர். ஒருத்தி அடி தவறினால் எல்லார் கயிறும் சிக்கும். அச்சிக்கலை எந்தக் கங்காணியின் அதட்டலும் அவிழ்க்காது. ஆடுவோர் நின்று, தவறிய இடத்தைத் தாமே கண்டு திரும்ப வேண்டும். பெரட்டில் தலைக்காசும், திடலில் தலைக்கையும் ஆக இருவகைத் தலைமையைத் தோட்டம் ஒருங்கே கண்டது.

இரண்டாவது வகைத் தலைமை பொருளாதாரத் துறையிலும் ஒருமுறை ஓங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து தவணையாகச் செலுத்திய பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது அச்சங்கம். ஒருவர் தலைக்கை தந்தார், ஆயிரக்கணக்கானோர் கைகோத்தனர். தனியே எவராலும் தூக்க முடியாத பாரம் அவ்வாறு தூக்கப்பட்டது.

இன்றைய பள்ளிகளின் நிலை

அத்தோட்டங்களிற் பல இன்று இல்லை. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது, அல்லது வீடுகள் எழுந்துள்ளன. குடும்பங்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டன. பேராக் மாநிலத்தில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பல பள்ளிகள் 150க்குக் குறைந்த மாணவரைக் கொண்ட சிறு பள்ளிகள். ஊர் கலைந்தபின் தமிழ்ப் பிள்ளைகள் நாள்தோறும் கூடும் பொது இடமாக அங்கே பள்ளியே எஞ்சி நிற்கிறது. கோயில் திடல் கற்பித்த கைகோப்பை இனிப் பள்ளித் திடல் கற்பிக்காவிடில் வேறெது கற்பிக்கும்?

மாணவர் குறைவு, குழு அமைக்க ஆள் இல்லை என்னும் கவலைக்குக் குரவையே மருந்து. அதற்கு ஏழு பேர் போதும். ஆசிரியர் கவனிக்க வேண்டியவை சில. குழுத் தலைமையை முதல் மதிப்பெண் பெறுபவருக்கோ உரத்த குரலுடையவருக்கோ தானாகவே அளித்துவிடுதல் கூடாது. எட்டு வரை எண்ணிச் சொல்லும் பொறுப்பை முறைவைத்து எல்லார்க்கும் தந்து பார்த்தால், பிறரின் மூச்சறிந்து எண்ணுபவர் யார் என்பது தெரிந்துவிடும். மாதரியைப் போல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயரும் பணியும் வழங்க வேண்டும். ‘மற்றவர்கள்’ என்று எவரும் நிற்கலாகாது. தவறு நேர்ந்தால், தவறியவரைச் சுட்டாமல் தவறிய எண்ணைச் சுட்டித் திருத்த வேண்டும். கூச்சமுடைய பிள்ளையைப் பின்வரிசையில் மறைத்து வைக்காமல், தாங்கும் பணியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். தன்னை நம்பி ஒருவர் நிற்கிறார் என்பதை உணர்ந்த பிள்ளையின் நடையே மாறிவிடும்.

ஏழிசைப் பெயரால் எழுவர் நின்று, கும்மியின் கைத்தட்டும் கோலாட்டத்தின் அடியும் கலந்து, தமிழிலேயே முழக்கம் அமைத்து ஆடும் ஆரவாரக் குழு பள்ளி விளையாட்டு நாளுக்கு அயலானது ஆகாது. உலகம் ஏற்ற புதுக்கலையும் தமிழர் ஆடிய பழங்குரவையும் அங்கே ஒன்றாகும். அதோடு, சிலப்பதிகார வகுப்பில் ஏழிசைப் பெயர்களை மனப்பாடம் செய்ய அல்லற்படும் மாணவர்க்கு அப்பெயர்கள் தம் தோழியர் பெயர்களாகவே நினைவில் நிற்கும்.

உச்சியில் நிற்பவள் ஒரு கணம் விளங்குகிறாள். அவள் இறங்கியபின்னும் தாங்கிய கைகள் அடுத்த எண்ணிக்கைக்காக நீண்டே இருக்கின்றன. கைதட்டு உச்சிக்குச் சென்றாலும் தலைமை அக்கைகளுக்கே உரியது. தலைக்கை தரக் கற்ற பிள்ளை, வளர்ந்து எவ்வூரில் எத்தொழில் செய்தாலும், தன் அருகில் ஒருவர் சாயும்போது விலகி நிற்காது. நெருங்கி வந்து தாங்கும்.